வித்யாசாகருக்குப் பயிற்சிக்குப் போகும் ஜூனியர்களுக்கு

சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர், மாற்றுத்திறனாளிகளுக்கான மையம்; 1985-ல் தொடங்கியது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் அங்கே வருவார்கள். பருத்தி உடை போதும், தரையில்தான் அதிகம் உட்காருவீர்கள்.

கேட்காமல் யாருடைய சக்கர நாற்காலியையும் தள்ளாதீர்கள். படப் பலகை வைத்துப் பேசும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா, அப்புறம் காத்திருங்கள். விரல் படத்தைத் தொட நேரமாகும். பதிலை நீங்களே ஊகித்துச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் பேச்சைப் பறித்ததாகிவிடும். எனக்கு இதுதான் முக்கியம்.

தெரபிஸ்ட் காட்டித்தராமல் சோறு ஊட்ட வேண்டாம். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் கொடுங்கள். தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும்.

போட்டோ, ஸ்டேட்டஸ் கூடவே கூடாது. அம்மாக்களிடம் "பாவம்" என்று சொல்லாமல், "ராத்திரி நல்லா தூங்கினானாக்கா?" என்று கேளுங்கள்.