வாளியில் உருளைக்கிழங்கு: சமவெளி மாடிக்கான செய்முறை

உருளைக்கிழங்கு மலைப்பயிர், நம்ம ஊர் வெயிலுக்கு வராது என்பார்கள். அது பாதிதான் உண்மை. செடி வரும், நன்றாகவே தழைக்கும். மாசியில் வாளியைக் கவிழ்த்தால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்குதான் கிடைக்கும். உரம் போதவில்லை என்று அடுத்த வருடம் இன்னும் அள்ளிப் போடுவார்கள். செடி இன்னும் உயரும், கிழங்கு இன்னும் குறையும்.

குறை உரத்தில் இல்லை, இரவு வெப்பத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு வேர் அல்ல, தண்டு. மண்ணுக்குள் இருக்கும் தண்டுப்பகுதியிலிருந்து வெள்ளையாகப் பக்கக்கொடிகள் ஓடும். அந்தக் கொடிகளின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. நுனி பருப்பதற்கான தூண்டுதல் இலையிலிருந்து கீழே வர வேண்டும். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் அது ஒழுங்காக நடக்கும். 22 டிகிரியைத் தாண்டினால் தூண்டுதல் குறைந்துவிடும். பகலில் இலை சேர்த்த சர்க்கரையையும் செடி சூடான இரவில் சுவாசத்துக்கே செலவழித்துவிடும். ஆகவே சமவெளியில் இந்தப் பயிரை எடுக்க நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது மண்ணின் குளிர்ச்சி. கீழே உள்ள பெரும்பாலான வேலைகள் அதற்காகத்தான்.

எப்போது நடுவது

வருடத்துக்கு ஒரே வாய்ப்புதான். நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். அப்படி நட்டால் கிழங்கு பிடிக்கும் நாட்கள் மார்கழி, தை இரவுகளில் விழும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் அடைமழை சற்றுத் தணிந்த இடைவெளி பார்த்து, நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ நடுவது நல்லது. முன்னதாக நட்டால் விதைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும்.

ஊருக்கு ஊர் விளைச்சல் மாறும். ஓசூரில் ஜனவரி இரவுகள் 15 டிகிரியை ஒட்டி இருப்பதால் ஒரு 20 லிட்டர் வாளியில் முக்கால் கிலோவுக்கு மேல் எதிர்பார்க்கலாம். கோவை, தருமபுரி பக்கம் அரைக் கிலோ நியாயமான எதிர்பார்ப்பு. சென்னையில் ஜனவரி இரவுகளே பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அங்கே கால் கிலோ கிடைத்தாலும் நல்ல விளைச்சல்தான். ஜனவரியில் நட்டுப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கிழங்கு பருக்க வேண்டிய நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும்.

படி 1: விதைக்கிழங்கைத் தேர்ந்து முளைக்கட்டுவது

அக்டோபர் கடைசியிலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள். குஃப்ரி சூர்யா என்ற ரகம் வெப்பம் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதன் விதைக்கிழங்கு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கிடைக்காதவர்களுக்குக் காய்கறிக் கடைக் கிழங்கே போதும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் அந்த மாதங்களில் இரண்டு வகைக் கிழங்கு இருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரிந்து வருவது புதுக்கிழங்கு. அறுவடையான கிழங்கு இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும், உறக்கத்தில் இருக்கும். அதுவரை என்ன செய்தாலும் முளைக்காது. நமக்கு வேண்டியது தோல் கெட்டியான பழைய கிழங்கு. வட மாநிலங்களில் மாசி, பங்குனியில் தோண்டிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்து வருவது பெரும்பாலும் இந்த வகைதான். வெளியே எடுத்து வைத்தால் இரண்டு வாரத்தில் கண் விழிக்கும். சில கிடங்குகளில் சமையல் கிழங்குக்கு முளை தடுக்கும் மருந்து காட்டுவார்கள், அந்தக் கிழங்கு முளைக்காது. அதனால் இரண்டு கடைகளில் அரை அரைக் கிலோ வாங்கி, முளைப்பதை மட்டும் விதைக்கு எடுங்கள்.

கோழி முட்டை அளவு, 40 முதல் 50 கிராம் எடை, மூன்று நான்கு கண்கள் இருந்தால் போதும். குளிர் நாடுகளில் பெரிய கிழங்கை வெட்டி நடுவார்கள். நம் ஈரப்பதத்தில் வெட்டிய துண்டு சீக்கிரம் அழுகும், முழுசாக நடுவதே பாதுகாப்பு. வெட்டியே ஆக வேண்டுமென்றால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது விட்டு, வெட்டுவாயில் சாம்பல் தடவி, வெட்டிய இடம் தோல் கட்டும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு நடுங்கள்.

முட்டை அட்டையில் கண்கள் அதிகமுள்ள பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, வெளிச்சம் வரும் ஆனால் நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குட்டையான, பச்சையோ ஊதாவோ படர்ந்த முளை வரும். 1 முதல் 1.5 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நடலாம். இருட்டு அலமாரியில் விட்டால் வெள்ளையாக நீண்டு, கை பட்டதுமே ஒடிந்துவிடும். முளை நூல் போல மெலிந்து வந்தால் அந்தக் கிழங்கில் நச்சுயிரி நோய் இருக்கலாம், ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: வாளி

20 லிட்டர் வெள்ளைப் பெயிண்ட் வாளி மிகப் பொருத்தம். ஒரு வாளிக்கு ஒரே கிழங்கு. இரண்டு வைத்தால் எண்ணிக்கை கூடும், அளவு சுண்டிவிடும். அடியில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் எட்டுத் துளை, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டில் நான்கு துளை போடுங்கள். வாளியில் மிச்சமிருக்கும் பெயிண்ட்டை முழுவதும் உரித்துக் கழுவ வேண்டும்.

கறுப்பு வாளி, கறுப்பு நர்சரிப் பை இரண்டும் வேண்டாம். வெயில் படும் பக்கத்தில் உள்மண் சுட்டு, கொடி நுனிகள் கருகும். இருப்பது கறுப்புதான் என்றால் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது சணல் சாக்கைச் சுற்றித் தினமும் ஒரு முறை நனையுங்கள். சாக்கில் ஈரம் ஆவியாகும்போது வாளியின் சூட்டையும் கொண்டுபோகும்.

வாளியைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். கான்கிரீட் தளம் பகல் சூட்டை இரவு வெகுநேரம் வரை வெளிவிடும். அந்தச் சூடு அடிமண்ணில் ஏறக் கூடாது. காலை வெயில் ஆறு மணி நேரம் விழுந்து, பிற்பகல் 2 மணிக்கு மேல் கைப்பிடிச்சுவரோ தண்ணீர்த் தொட்டியோ நிழல் கொடுக்கும் இடம் கிடைத்தால் அதுதான் சரியான இடம்.

படி 3: மண்கலவை

ஒரு வாளிக்குச் செம்மண் 8 லிட்டர், தென்னை நார்க்கழிவு 5 லிட்டர், மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம் 5 லிட்டர், வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். எல்லாவற்றையும் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, பத்து நாள் மூடி வைத்த பிறகு பயன்படுத்துங்கள். புண்ணாக்கு புளிக்கும்போது வரும் சூடு முளையைத் தாக்காமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, தண்ணீர் தெளிந்து வரும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், இலை ஓரம் கருகும். பச்சைச் சாணம் போட்டால் வெள்ளைப் புழு வந்து கிழங்கைக் குடையும். கிழங்குக்குச் சாம்பல் நல்லது என்று நிறையக் கொட்டுவது நம் வழக்கம். உருளைக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும், சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கித் தோலில் சொறி நோயைக் கொண்டுவரும். வாளிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் சாம்பல் போகக் கூடாது.

படி 4: நடவு

வாளியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவையை நிரப்பி, முளை மேலே பார்க்க நடுவில் கிழங்கை வைத்து, மேலே 8 முதல் 10 சென்டிமீட்டர் மண் போட்டு மூடுங்கள். மிச்சக் கலவையை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள், அது பின்னால் வேண்டும். துளையில் நீர் கசியும் அளவுக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். இலை வெளியே வரும் வரை மண் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள். 10 முதல் 15 நாளில் முளை தெரியும். மூன்று வாரம் கழித்தும் ஒன்றும் இல்லையென்றால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் அது தண்ணீர் அதிகமானதால் வந்த வினை.

படி 5: மண் அணைத்தல்

கிழங்குகள் விதைக்கிழங்குக்கு மேலே இருக்கும் தண்டிலிருந்துதான் கிளம்பும். அதனால் செடி ஒரு சாண் வளர்ந்ததும், நுனியில் நாலைந்து இலை மட்டும் வெளியே தெரியும்படி கலவையைப் போட்டு அணைக்க வேண்டும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வாளி விளிம்புக்கு மூன்று விரல் கீழே நிறுத்தி, அதன்மேல் காய்ந்த இலை அல்லது வைக்கோல் போட்டு மூடாக்குங்கள். நட்ட 35 முதல் 40 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் கிளறினால் கொடிகள் அறுபடும்.

பைகளை அடுக்கி ஆள் உயரத்துக்கு மண் ஏற்றிக்கொண்டே போனால் மேலிருந்து கீழ்வரை கிழங்கு கொட்டும் என்ற காணொளிகள் நிறைய உலவுகின்றன. 80, 90 நாளில் முதிரும் நம் ரகங்கள் அப்படி அடுக்கடுக்காகக் காய்க்காது. ஒரு சாண் கனத்துக்குள்தான் கிழங்கு பிடிக்கும். அணைப்பதன் முக்கியப் பலன் வெளிச்சம் படாமல் காப்பதும், மண்ணைக் குளிர்ச்சியாக வைப்பதும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சையோடு சொலனின் என்ற நஞ்சும் கூடும், வேகவைத்தாலும் போகாது.

முதல் அணைப்பின்போது ஒரு கைப்பிடி மண்புழு உரம் சேர்க்கலாம். 40 நாளுக்குப் பிறகு புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம் போன்ற தழைச்சத்து உரங்களை நிறுத்துங்கள். தொடர்ந்து கொடுத்தால் செடி கிழங்கை மறந்து இலைக்குத் திரும்பிவிடும். 40ஆம் நாளில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றினால் பருமன் கூடும்.

தண்ணீரும் நிழலும்

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். டிசம்பரில் இரண்டு நாளுக்கு ஒரு முறை, தையில் தினமும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தேவைப்படும். மழைக்காலம் ஓய்ந்த பிறகு மாலை ஐந்து மணி வாக்கில், இலை நனையாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். பகலில் ஏறிய சூடு இறங்கி, மண் இரவுக்குக் குளிர்ந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் அந்த நேரத்தில் வெந்நீராகவே இருக்கும். காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள்.

காயப்போட்டுவிட்டு ஒரே நாளில் நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், உள்ளே பொந்தும் விழும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பொரிப் பொரியாக எழும்பும், பிறகு அழுகும். ஜனவரி கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் 35 சதவீத நிழல்வலை கட்டினால் செடி இரண்டு வாரம் கூடுதலாகத் தாங்கும்.

நோயும் பூச்சியும்

அசுவினி, வெள்ளை ஈ இரண்டுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒரு முறை மாலையில் தெளிக்கலாம். தை மாத வறண்ட வெயிலில் சிவப்புச் சிலந்தி வந்து இலை வெளிறினால் அடிப்பக்கத்தைக் காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மார்கழிப் பனியில் இலை நுனியில் கரும்பச்சைத் திட்டு வந்து, அடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அது பின்பருவ இலைக்கருகல். அந்தக் கிளையை உடனே வெட்டி குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு வெப்பம் பிரச்சினையே இல்லை, இந்தக் கருகல்தான் முதல் எதிரி. எதிர்ப்புத்திறன் உள்ள குஃப்ரி கிர்தாரி ரகம் அவர்களுக்கு ஏற்றது. நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்ட, உருளையின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அங்கே கிழங்கு விளைந்த வயல் மண்ணைத் தொட்டிக்கு அள்ளி வரக் கூடாது.

செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டு விழுந்தால், அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து இல்லை. அந்தச் செடியையும் மண்ணையும் தோட்டத்தை விட்டு அப்புறப்படுத்தி, வாளியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும்.

அறுவடை

பூ வருவது சமவெளியில் உறுதியில்லை, பூக்காவிட்டாலும் கிழங்கு இருக்கும். 80 நாளுக்கு மேல் கீழ் இலைகள் மஞ்சளாகிச் செடி சாயத் தொடங்கும். அப்போது தண்ணீரை நிறுத்தி, தண்டை மண்மட்டத்தில் அறுத்துவிட்டு ஏழு முதல் பத்து நாள் அப்படியே விடுங்கள். தோல் முற்றுவது இந்த நாட்களில்தான். ஒரு கிழங்கைத் தோண்டித் தேய்த்துப் பாருங்கள். தோல் நழுவாவிட்டால் வாளியைத் தார்ப்பாய் மேல் கவிழ்க்கலாம். கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் பத்து நாள் உலர்த்தினால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுக்கும்போது கறுத்துவிடும்.

இதிலிருந்தே அடுத்த வருட விதைக்கு எடுத்து வைக்க வேண்டாம். நவம்பர் வரை வீட்டு வெப்பத்தில் சுருங்கிப்போகும், அசுவினி பரப்பிய நச்சுயிரியும் உள்ளே தங்கியிருக்கும். கவிழ்த்த மண்ணில் அடுத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள், எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய்கள். கொத்தவரையோ தண்டுக்கீரையோ விதையுங்கள், பங்குனி வெயிலுக்கு இரண்டும் அசராது.