அலுவலகத்துக்குச் செடி வாங்கும் முன் வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

எங்கள் அலுவலகத்தில் செடி வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வரவேற்பறை, கூட்ட அறை, லிஃப்ட் வாசல் என்று எல்லா இடத்திலும் செடிகள் இப்போது நன்றாக நிற்கின்றன. எந்த இடத்துக்கு எந்தச் செடி என்று முடிவு செய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மண் கலப்பது, தொட்டி மாற்றுவது எல்லாம் இதில் வராது. கடை, கிளினிக், பயிற்சி மையம் எதற்கும் இதே வழி பொருந்தும்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? நர்சரிக்குப் போய்ப் பார்க்க அழகாக இருப்பதை வாங்கி வருகிறோம், அப்புறம்தான் எங்கே வைப்பது என்று யோசிக்கிறோம். இதை மாற்றிப் போடுங்கள். முதலில் இடம், அடுத்து தண்ணீர் ஊற்றப்போகும் ஆள், கடைசியில்தான் செடி.

படி 1: ஆகாத இடங்களை அடித்துவிடுங்கள்

ஒரு தாளில் தளத்தின் படத்தைத் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். அவசர வழி, மின்பலகை முன்னால், கதவு திறக்கும் பக்கம், கேமராவை மறைக்கும் மூலை, ஏசி காற்று நேரே அடிக்கும் இடம், இவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில்தான் செடி.

படி 2: வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

என்னை அதிகம் சுற்றவிட்ட படி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிச்ச விஷயத்தில் நம் கண்ணை நம்ப முடியாது. உச்சி வெயிலில் சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். விளக்கு போட்ட அலுவலக மேஜையில் பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ்தான். இரண்டு இடத்திலும் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு 'நல்ல வெளிச்சம்' என்றே தோன்றும். செடிக்கு அந்த வசதி கிடையாது. விழுகிற வெளிச்சத்தில்தான் அது சாப்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தனியாக மீட்டர் வாங்க வேண்டியதில்லை. லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் அளக்கும் விதம் முக்கியம். ஆண்ட்ராய்டு போன்களில் வெளிச்சத்தை உணரும் சென்சார் பெரும்பாலும் முன்பக்க கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் திரை வெளிச்சத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நாம் குனிந்து எண்ணைப் படிக்கும்போது நம் தலை நிழலே அதில் விழும், பாதி அளவு காணாமல் போகும். கையை நீட்டிப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து படியுங்கள்.

இலை எந்த உயரத்தில் இருக்கப்போகிறதோ அந்த உயரத்தில் அளக்க வேண்டும். தரையில் வைக்கும் தொட்டிக்கு மேஜை உயரத்தில் அளந்தால் பயனில்லை. ஜன்னல் திரை தினமும் எப்படி இருக்குமோ அப்படியே விட்டுவிட்டு, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள். கண்ணாடியை ஒட்டிச் சில ஆயிரம் லக்ஸ் காட்டும். நாலு தப்படி உள்ளே வந்தால் சில நூறாக இறங்கிவிடும். கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் ஜன்னலோரமே ஏமாற்றும்.

போனுக்குப் போன் எண் மாறும். கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். எந்த வரம்பில் வருகிறது என்று தெரிந்தால் போதும்:

- 250 லக்ஸுக்குக் கீழே: விளக்கு இல்லாமல் செடி வேண்டாம்.
- 250 முதல் 1,000 வரை: இசட்இசட் பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், மணி பிளாண்ட், பச்சை இலை அக்லோனிமா. பீஸ் லில்லியும் தாங்கும், ஆனால் பூ எதிர்பார்க்காதீர்கள்.
- 1,000 முதல் 5,000 வரை: ரப்பர் செடி, பிலோடெண்ட்ரான், ஸ்பைடர் பிளாண்ட். இந்த வரம்பின் மேல்பகுதியில் அரேகா பாம்.

வெள்ளைக் கோடும் புள்ளியும் உள்ள வகைகளில் பச்சையம் குறைவு. ஒரே மணி பிளாண்டானாலும் வெள்ளை கலந்த வகைக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். இருட்டில் வைத்தால் புதிதாக வரும் இலைகள் வெறும் பச்சையாகவே வரும்.

ஜன்னலே இல்லாத அறையா? 4,000 முதல் 6,500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையுள்ள வெள்ளை எல்இடி விளக்கை, 12 மணி நேர டைமருடன் செடிக்கு மேலே மாட்டுங்கள். டைமர் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் விடுமுறை நாள் முழுக்கச் செடி இருட்டில்தான் நிற்கும். ஊதா நிற விளக்கிலும் செடி வளரும். ஆனால் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்தில் அதை நான் ஒருபோதும் போடமாட்டேன்.

படி 3: ஏசியை மறக்காதீர்கள்

ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கலாத்தியா, ஃபெர்ன் இரண்டும் நர்சரியில் ஆளை மயக்கும், ஏசி அறையில் சீக்கிரமே ஓரம் கருகும். ஃபைகஸ் பெஞ்சமினாவை இடம் மாற்றினாலே இலையைக் கொட்டும். தொடக்கத்தில் இந்த மூன்றும் வேண்டாம்.

படி 4: தண்ணீர் யார் ஊற்றுவது?

பொது இடத்தில் வாடிச் சாகும் செடிகளைவிட அழுகிச் சாகும் செடிகள் அதிகம். போகிற வருகிற எல்லோரும் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றுவார்கள். சிலர் டீயைக் கூட ஊற்றுவார்கள். ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்கி, அவர் பெயரைத் தொட்டியில் ஒட்டிவிடுங்கள். மற்றவர்கள் கை தானாக நின்றுவிடும்.

அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துச் செடி வாங்குங்கள். மறதிக்காரர் என்றால் இசட்இசட். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்து அதில் நீரைச் சேமித்துக்கொள்ளும். அடிக்கடி கவனிக்க ஆசைப்படுபவர் என்றால் பீஸ் லில்லி. தாகம் எடுத்தால் மொத்தமாகத் தொங்கிவிடும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

ஈரம் பார்க்க விலை குறைந்த ஈரமானிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவற்றில் பல மின்கடத்துதிறனை வைத்துக் கணிப்பவை. மண்ணில் உர உப்பு இருந்தாலே எண் மாறிவிடும். மெல்லிய மரக்குச்சி ஒன்றை அடிவரை குத்தி எடுங்கள். குச்சி கருத்து, மண் ஒட்டி வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

செடியை நர்சரித் தொட்டியோடு அப்படியே அழகுத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். நேரே நட வேண்டாம். ஊற்றிய அரை மணி நேரம் கழித்து உள்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள். மேல்மண் காய்ந்து கிடக்கும்போதே அடியில் வேர் நீரில் ஊறிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

படி 5: யார் வந்து போகிறார்கள்?

குழந்தைகள் வரும் கிளினிக்கில் டிஃபன்பாக்கியா கூடாது. அதன் திசுக்களில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். மணி பிளாண்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி, இசட்இசட் எல்லாவற்றிலும் இதே படிகங்கள் இருக்கின்றன. கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பதாக இருந்தால் ஸ்பைடர் பிளாண்ட், அரேகா பாம் இரண்டும் பயமில்லாதவை.

படி 6: இப்போது நர்சரிக்குப் போகலாம்

பத்துச் சின்னத் தொட்டிகளைவிட இரண்டு பெரிய செடிகள் மேல். பார்வைக்கும் நிறைவு, பராமரிப்பும் குறைவு. இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி, அந்தச் செடியைத் தொடாதீர்கள். வெயிலில் வளர்ந்ததா நிழலில் வளர்ந்ததா என்று கேளுங்கள். வெயிலில் வளர்ந்த செடியை நேராக அறைக்குள் கொண்டுவந்தால் இலை உதிர்க்கும். வாங்கி வந்ததை முதல் இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

*காற்றைச் சுத்தப்படுத்த எத்தனை செடி வேண்டும்?* அதற்காகச் செடி வாங்க வேண்டாம். செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லக் காட்டப்படும் 1989 நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வெளியான ஒரு கட்டுரை, கட்டடத்தின் வழக்கமான காற்றோட்டத்துக்கு ஈடுகட்டச் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவை என்று கணக்கிட்டது. கண்ணுக்கும் மனசுக்கும் வாங்குங்கள், அது போதாதா?

*தொட்டியைச் சுற்றிக் குட்டி ஈக்கள் பறக்கின்றன.* மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். மண்ணின் மேல்பகுதியை நன்றாகக் காயவிடுங்கள், பக்கத்தில் பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகுங்கள். அட்டை பறக்கும் ஈயைப் பிடிக்கும், மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு மண் காய்ந்தால்தான் சாகும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

*ஸ்பைடர் பிளாண்டின் நுனி மட்டும் பழுப்பாகிறது.* குழாய்த் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு காரணமாக இருக்கலாம். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள். பழுத்த நுனி மறுபடி பச்சையாகாது, புது இலை எப்படி வருகிறது என்று கவனியுங்கள்.