டவர் இருக்கிறது, இணையம் இல்லை: பயணத்தில் டாங்கிளை வேலை செய்யவைப்பது எப்படி?

எங்கள் வீட்டு இரும்புக் கடைக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது என் தலையில் விழுந்த வேலை. மாதாந்திரக் கணக்குக்குக் கெடு 20ஆம் தேதி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அந்த 50 ரூபாயை விட்டுவிடலாம், அப்பாவின் பேச்சைத்தான் தாங்க முடியாது.

அப்படி ஒரு 20ஆம் தேதி இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். ரயிலில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று மடிக்கணினியையும், சிம் போட்டால் அதற்கு இணையம் தரும் சின்னக் கருவியான டாங்கிளையும் பையில் போட்டிருந்தேன். தாம்பரம் போயிற்று, செங்கல்பட்டு ஏரி போயிற்று. டாங்கிளின் சின்னத் திரையில் ஐந்து கோடுகளும் முழுதாக நிற்கின்றன. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அணைத்துப் போட்டேன். சிம்மை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டேன். ஜன்னலோரம் நீட்டிப் பிடித்தேன். கடைசியில் எதிர் இருக்கையில் இருந்த ஒரு கல்லூரி மாணவர் என் தவிப்பைப் பார்த்துத் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டார். விழுப்புரத்தில் வண்டி நின்றிருந்த நேரத்தில் தாக்கல் முடிந்தது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

தவறு டவரிலும் இல்லை, ரயிலிலும் இல்லை. நான் வீட்டிலேயே செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்யவில்லை. அது என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியட்டும்.

முதலில், எந்தக் கருவி?

தனியாகப் பயணம் போகிறவருக்கு டாங்கிளே வேண்டாம். போனும் ஒரு யுஎஸ்பி கேபிளும் போதும். ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி டெதரிங்தான், அதாவது போனின் இணையத்தைக் கேபிள் வழியே மடிக்கணினிக்குத் தருவதுதான், என் தேர்வு. போன் சூடாவது குறைவு, மடிக்கணினியிலிருந்தே சார்ஜும் ஏறும், பெட்டியில் இருக்கும் இருபது பேரின் வைஃபை இரைச்சலிலும் சிக்காது. ஆண்ட்ராய்டில் கேபிளைச் செருகிய பிறகுதான் அந்தப் பொத்தான் உயிர் பெறும். அதற்கு முன்னால் தேடிவிட்டு "என் போனில் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள்களும் இருக்கின்றன, அவற்றில் இது நடக்காது.

குடும்பத்தோடு போகிறீர்கள், இரண்டு மூன்று கருவிகள் இணைய வேண்டும் என்றால் பேட்டரியோடு வரும் வைஃபை பெட்டி வாங்குங்கள். கடைகளில் இதையும் டாங்கிள் என்றே சொல்கிறார்கள். மடிக்கணினியில் நேரடியாகச் செருகும் குச்சி வகை எனக்குப் பிடிக்காது. ரயில் குலுக்கலில் முழங்கை பட்டு ஒன்றை ஏற்கெனவே உடைத்திருக்கிறேன். அதுதான் வேண்டும் என்பவர்கள் ஒரு முழ நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளோடு வாங்கி, ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் நுழைவதற்கு ஜன்னலை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை.

பீரோவில் கிடக்கும் பழைய டாங்கிளைத் தூசி தட்டிப் பயன்படுத்தலாமா? பெரும்பாலும் முடியாது. அந்தக் காலத்து, இப்போது நின்றுபோன சிடிஎம்ஏ நெட்வொர்க் வகை என்றால் அது இப்போது வெறும் பிளாஸ்டிக். 3ஜி வகையும் ஜியோ சிம்மோடு வேலை செய்யாது, ஏனென்றால் ஜியோ 2016இல் தொடங்கியதே 4ஜியோடுதான்.

புதிதாக வாங்கும்போது அட்டைப் பெட்டியின் பின்புறம் எந்தெந்த பேண்ட், அதாவது எந்தெந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்று எண்களாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நம் நாட்டில் 3, 5, 8, 40 ஆகியவை இருப்பது நல்லது. பிஎஸ்என்எல் 4ஜி சிம் போடப்போகிறவர்கள் 28 இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதுதான், மலிவு டாங்கிள்கள் பலவற்றில் இருக்காது. எண் சிறியதா பெரியதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 40 என்பது 2300 மெகாஹெர்ட்ஸ். ஊருக்குள் வேகமாக இருக்கும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 5 என்பது 850. அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் வயல்வெளி தாண்டி வந்து சேரும். ரயிலில் நமக்குக் கைகொடுப்பது இந்த இரண்டாவது ரகம்.

சிம், ரீசார்ஜ்

போனில் இருப்பது எந்த நிறுவனமோ, டாங்கிளில் வேறு நிறுவனம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்திருக்கும்.

தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற திட்டங்களில் வரம்பு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். வினாடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி கோப்பு இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன்பே ஒரு கூடுதல் டேட்டா வவுச்சர் போட்டு வைப்பது நல்லது. வேகம் விழுந்த பிறகு ரீசார்ஜ் பக்கம் திறப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

சிம்முக்கு PIN எண் பூட்டு வைத்திருந்தால், டாங்கிளில் போடுவதற்கு முன் போனிலேயே எடுத்துவிடுங்கள்.

என்னைக் கவிழ்த்த படி: ஏபிஎன்

இங்கே நிதானமாக வாருங்கள்.

சிக்னல் கோடு என்பது டவர் உங்கள் சிம்மை அடையாளம் கண்டுகொண்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. இணையம் அதற்கு அடுத்த கட்டம். கல்யாண வீட்டில் வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து உள்ளே அழைத்துவிட்டார்கள். பந்தி எந்தப் பக்கம் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. கூடத்திலேயே நிற்கிறீர்கள். அந்தப் பந்திக் கூடத்தின் பெயர்தான் ஏபிஎன் (APN), இணையத்துக்குள் நுழையும் வழியின் பெயர். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். ஜியோவுக்கு ஜியோநெட் (jionet), பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் (bsnlnet), ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம் (airtelgprs.com). எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல்.

"இதெல்லாம் தானாகவே வந்துவிடுமே" என்பீர்கள். வரும். சிம்மில் இருக்கும் நிறுவனக் குறியீட்டைப் பார்த்து டாங்கிளே சரியான ஏபிஎன்னைத் தேர்ந்துகொள்ளும். ஆனால் நாம் ஒரு முறை கையால் எதையாவது எழுதி வைத்திருந்தால், அதை மதித்து அதிலேயே நிற்கும். நான் பல மாதங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் சிம்முக்காக எழுதி வைத்ததை மறந்தே போயிருந்தேன். பிறகு எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன். சிம் புதிது, டவர் புதிது, ஏபிஎன் மட்டும் பழையது.

திருத்தும் முறை இது:

1. டாங்கிளின் வைஃபையில் மடிக்கணினியையோ போனையோ இணையுங்கள். இணையம் வராவிட்டாலும் வைஃபை இணையும், அது போதும்.

2. உலாவியின் முகவரிப் பட்டையில் டாங்கிளின் முகவரியை அடியுங்கள். பின்மூடியைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். ஹுவாவே வகைகளில் பெரும்பாலும் 192.168.8.1, ஜியோஃபையில் 192.168.225.1. போனில் பார்க்கிறீர்கள் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் டாங்கிளை விட்டுவிட்டு வெளியே போய்த் தேடிக்கொண்டிருக்கும்.

3. உள்ளே நுழைந்து மொபைல் நெட்வொர்க் அமைப்புகளில் ப்ரொஃபைல் அல்லது ஏபிஎன் என்று இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

4. இருப்பதைத் திருத்த முயலாதீர்கள், பல கருவிகளில் பூட்டியிருக்கும். புதிது ஒன்று உருவாக்குங்கள். பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஏபிஎன் கட்டத்தில் மேலே சொன்னது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காலியாகவே இருக்கட்டும்.

5. அதை டீஃபால்ட் என்று குறித்து, சேமித்து, டாங்கிளை அணைத்துப் போடுங்கள்.

ஐந்தாவதில் டீஃபால்ட் குறிக்கத் தவறினால் இப்போது வேலை செய்யும், அடுத்த முறை போடும்போது பழைய ஏபிஎன்னுக்கே ஓடிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு இணையம் வரவில்லை. இரண்டாம் நாள் அங்கேதான் போயிற்று. நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியிலிருந்து ஏபிஎன்னை நகலெடுத்து ஒட்டியிருந்தேன். வாலில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கட்டத்தின் கடைசியில் சுட்டியை வைத்து அழிப்புப் பொத்தானை ஒரு முறை தட்டியதும்தான் புலப்பட்டது, எழுத்து ஒன்றும் அழியவில்லை, சுட்டி மட்டும் ஒரு படி நகர்ந்தது. தயவுசெய்து கையால் அடியுங்கள்.

வீட்டிலேயே ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, டாங்கிளை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். மடிக்கணினி பின்னணியில் எவ்வளவு தின்கிறது என்று அப்போதுதான் தெரியும். விண்டோஸில் அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை இயக்கிவிடுங்கள். புதுப்பிப்புகள் பெரும்பாலும் அடங்கிவிடும். இதைச் செய்யாத ஒரு நாள், என் இரண்டு ஜிபியும் திண்டிவனத்துக்குள் தீர்ந்துபோனது.

டாங்கிளோடு வந்த வைஃபை கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். உங்கள் போன் எண்ணையே வைக்காதீர்கள். உங்கள் எண் தெரிந்தவருக்கு அதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

ஓடும் ரயிலில்

மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் வண்டி இரண்டு கிலோமீட்டரை எழுபது வினாடியில் கடந்துவிடும். அதாவது நிமிடத்துக்கு ஒரு முறை டாங்கிள் ஒரு டவரின் கையை விட்டு இன்னொன்றின் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும். 5ஜி கருவி என்றால் 5ஜிக்கும் 4ஜிக்கும் வேறு தாவிக்கொண்டிருக்கும். அமைப்பில் 4ஜி மட்டும் என்று நிறுத்திவிட்டால் தாவல் குறையும். வேகம் கொஞ்சம் போகும். போகட்டும், கணக்குத் தாக்கலுக்கு நிலையான இணைப்புதான் வேண்டும்.

கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்று திறந்தால் சிக்னல் ஓர் எண்ணாக இருக்கும். சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், மைனஸ் 85 என்றால் தாராளம். மைனஸ் 110க்கும் கீழே போனால் மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் வாங்குங்கள்.

படிவங்களை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டு, பெரிய சந்திப்பில் வண்டி நிற்கும்போது அனுப்புவதே என் வழக்கம். விழுப்புரம், திருச்சி, மதுரை இதற்கு ஏற்றவை. நிலையங்களில் ரயில்வேயின் நிறுவனமான ரயில்டெல் தரும் ரயில்வயர் வைஃபை தினம் முதல் 30 நிமிடம் இலவசம். செய்தி படிக்கப் பயன்படுத்துவேன், வங்கி வேலைக்குத் தொடமாட்டேன்.

பிற்சேர்க்கை 1

அடுத்த மாதம் இணையம் ஓடியது, தாக்கலின் கடைசிப் படிக்கான ஓடிபி மட்டும் வரவில்லை. போனை வெறித்துப் பார்த்துக்கொண்டே மதுரை வரை போய்விட்டேன். ஜிஎஸ்டியில் பதிவான எண்ணின் சிம் டாங்கிளுக்குள் இருந்தது! குறுஞ்செய்தியும் அங்கேதான் போயிருக்கிறது. மேலே சொன்ன 192 முகவரியில் நுழைந்தால் எஸ்எம்எஸ் என்று ஒரு பகுதி இருக்கும், எல்லா ஓடிபியும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. வங்கி, ஆதார், ஜிஎஸ்டி எதிலும் பதிவாகாத எண்ணின் சிம்மை டாங்கிளுக்குக் கொடுத்துவிடுவது உத்தமம்.

பிற்சேர்க்கை 2

லடாக் போன வாசகர் ஒருவர், இதில் சொன்னபடி எல்லாம் செய்தும் லே நகரில் போன், டாங்கிள் இரண்டும் ஊமையாகிவிட்டன என்று எழுதியிருந்தார். ஏபிஎன்னை எத்தனை முறை மாற்றினாலும் அங்கே பயனில்லை. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளி மாநில ப்ரீபெய்டு சிம்கள் வேலை செய்வதில்லை, போஸ்ட்பெய்டு மட்டுமே ஓடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எண்ணையாவது போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். மாற்றத்துக்குச் சில நாள் ஆகலாம், கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை 3

"போனின் ஹாட்ஸ்பாட் என் பழைய மடிக்கணினியில் தெரியவே இல்லை, மனைவியின் போனில் தெரிகிறது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது, பழைய மடிக்கணினிக்கு 2.4தான் தெரியும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் பேண்ட் என்பதை 2.4 ஆக்குங்கள். ஐபோனில் மேக்ஸிமைஸ் கம்பேடிபிலிட்டி என்ற பொத்தானை இயக்குங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் கேபிளைச் செருகுங்கள்; நான் முதலிலேயே சொன்னேன்.