உச்சிகளின் வரிசை: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் நான், பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் என் மகளுக்கு மாலை வேளைகளில் தமிழிலேயே வடிவியல் விளக்கி வருகிறேன். வடிவத்திலும் அளவிலும் ஒன்றேயான சர்வசம முக்கோணங்களை அவள் உடனே கண்டுகொண்டாள். ஆனால் அவற்றின் ஒத்த பகுதிகளை, அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் பக்கங்களையும் கோணங்களையும், கேட்டால் தவறினாள்.

ஒரு நாள் கசட என்னும் முக்கோணத்தை கச 5, சட 7, டக 6 செ.மீ. அளவிலும், பமய என்பதை பம 7, மய 5, யப 6 செ.மீ. அளவிலும் வரைந்தேன். அவள் சர்வசமத்தைக் காட்டும் ≅ குறியை இட்டு ‘கசட ≅ பமய’ என்று எழுதி, க கோணமும் ப கோணமும் சமம் என்றாள். எழுத்துகளின் வரிசையே எந்த உச்சி (மூலை) எதனோடு பொருந்துகிறது என்பதைச் சொல்கிறது என்று நான் அதுவரை அவளுக்கு விளக்கியிருக்கவில்லை.

முதல் முக்கோணத்தை டிரேசிங் தாளில் படியெடுத்தோம். எவ்வளவு சுழற்றியும் பொருந்தாத அந்தப் படி, தாளைக் கவிழ்த்ததும் இரண்டாவதன் மேல் துல்லியமாகப் படிந்தது. க ய மீதும், ச ம மீதும், ட ப மீதும் இருந்தன. கவிழ்த்தாலும் சர்வசமம் மாறாது என்பது அவளுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

அன்றுமுதல் ஒவ்வொரு உச்சிக்கும் எதிரே உள்ள பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்கிறேன். 7 செ.மீ. பக்கத்துக்கு எதிரே இங்கே க, அங்கே ய. ஆகவே அவை ஒத்த உச்சிகள். ‘கசட ≅ யமப’ என்று சரியாக எழுதிவிட்டால், கச = யம, சட = மப, கட = யப என்பவற்றைப் படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சென்ற வாரம் மூன்று கோணங்கள் மட்டுமே சமமாகத் தரப்பட்ட ஒரு கணக்கில் அவள் ≅ குறியை இட மறுத்து, ஒரு பக்கத்தின் அளவாவது வேண்டும் என்று கேட்டாள்.