மூட்டைக்கு முன் மணல்

மளிகை குடோனில் 25 கிலோ அரிசி மூட்டை தூக்குகிறேன். முதுகு பிடித்து இரண்டு மாதம் படுத்தேன், இ.எஸ்.ஐ.யில் வந்த 70 சதவீதச் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. வலி நின்றதும், வேலைக்குத் திரும்பலாம் என்ற தகுதிச் சீட்டை டாக்டரிடம் வாங்கிக்கொண்டு குடோனுக்கு ஓடினேன். மூட்டையின் எடையை அவரிடம் நான் சொல்லவே இல்லை. முதல் நாளே இடுப்பைப் பிடித்தபடி திரும்பினேன்.

பிசியோதெரபி மேடம் முதலில் கேட்டதே மூட்டையைப் பற்றித்தான்: “ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, எவ்வளவு உயரத்துக்கு?”

வீட்டிலேயே கோணியில் மணல் கட்டினேன். 5 கிலோ, தரையிலிருந்து இடுப்பு வரை பத்து முறை. தூக்கும்போது தெரியும் வலியைவிட, மறுநாள் காலை எழும்போது எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. வலி கூடியிருந்தால் எடை ஏற்றக் கூடாது. 15 கிலோவிலேயே எட்டு நாள் நின்றேன், எரிச்சல்தான். ஆறாவது வாரம் 25 வந்தது. முதலாளியிடம் பேசி, பதினைந்து நாள் மதியம் வரை மட்டும், மேலடுக்கு வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன்.