தவறான பெயரில் உருவான லோக்கல் பிராஞ்சை கிட்டில் பத்திரமாக நீக்குவது

பெயர் மட்டும்தான் தப்பு, உள்ளே இருக்கும் கமிட்டுகள் வேண்டும் என்றால் நீக்கவே வேண்டாம். ‘கிட் பிராஞ்ச் -எம் பழையபெயர் புதியபெயர்’ போதும்.

நீக்கத்தான் வேண்டுமா? முதலில் ‘கிட் ஸ்விட்ச் மெயின்’ கொடுத்து அதிலிருந்து வெளியே வாருங்கள், நாம் இருக்கும் பிராஞ்சை நீக்க கிட் விடாது. அப்புறம் ‘கிட் பிராஞ்ச் -டி பெயர்’. டி (ஆங்கில d) சின்ன எழுத்தில் இருக்கட்டும். கமிட்டுகள் அப்ஸ்ட்ரீமிலோ (இந்த பிராஞ்ச் பின்தொடரும் பிராஞ்ச், பெரும்பாலும் ரிமோட்டில் இருப்பது), அப்ஸ்ட்ரீம் இல்லாவிட்டால் இப்போது இருக்கும் பிராஞ்சிலோ சேர்ந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டுத்தான் சின்ன டி நீக்கும், பெரிய டி எதையும் பார்க்காது. சின்ன டி மறுத்தால் ‘கிட் லாக் மெயின்..பெயர்’ போட்டு, மெயினில் இல்லாதவை எவை என்று படியுங்கள். ஸ்குவாஷ் செய்து, அதாவது பல கமிட்டுகளை ஒன்றாக்கி, மெர்ஜ் ஆனதற்கும் மறுக்கலாம், அங்கே பெரிய டி சரிதான்.

என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது ஹைஃபனில் தொடங்கும் பெயர். இப்போதைய கிட் இப்படி பிராஞ்ச் உருவாக்க விடாது, ஆனால் பழைய பதிப்பில் உருவானவை ரெப்போவில் இருக்கலாம். ‘-டெஸ்ட்’ என்று கொடுத்தால் கிட் அதைப் பெயராக எடுக்காமல் ஆப்ஷனாக நினைத்து எரர் காட்டும். மேற்கோள் குறிக்குள் போட்டாலும் பயன் இல்லை, ஏனென்றால் அந்தக் குறிகளை ஷெல்லே கழற்றிவிடுகிறது, கிட்டுக்குப் போய்ச் சேருவது அதே ஹைஃபன்தான். தீர்வு, பெயருக்கு முன்னால் தனியாக இரண்டு ஹைஃபன், அதாவது ‘கிட் பிராஞ்ச் -டி -- -டெஸ்ட்’. ஆப்ஷன்கள் முடிந்தன, இனி வருவது பெயர் என்று அதற்கு அர்த்தம். அடைப்புக்குறி, டாலர் குறி மாதிரி ஷெல்லைக் குழப்பும் பெயர்களுக்குத்தான் ஒற்றை மேற்கோள் உதவும்.

இதை டெர்மினலில் செய்வதையே நான் விரும்புகிறேன், காரணம் நீக்கியதும் அது கடைசி கமிட்டின் ஹாஷை (அதன் அடையாளக் குறியீடு) காட்டும். அதைக் குறித்துக்கொண்டால் ‘கிட் பிராஞ்ச் பெயர் ஹாஷ்’ என்று திரும்பக் கொண்டுவரலாம். ஹாஷ் தொலைந்தால், எந்தெந்த கமிட்டில் இருந்தோம் என்று கிட் வைத்திருக்கும் பதிவான ‘கிட் ரீஃப்ளாக்’கில் தேடுங்கள், ஆனால் பிராஞ்சோடு அதன் சொந்த ரீஃப்ளாக்கும் போய்விடும், ஹெட்டினுடையது (நாம் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும் குறி) மட்டுமே மிஞ்சும். எங்கும் சேராத கமிட்டுகளுக்கு அதில் இயல்பான கெடு 30 நாள்.

பிற்சேர்க்கை: பெயர் சரியாகத் தெரிந்தும் ‘பிராஞ்ச் இல்லை’ என்று வந்தால், எங்கிருந்தோ காப்பி செய்தபோது கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கலாம். கையால் டைப் செய்யாமல், முதல் சில எழுத்துகளைக் கொடுத்துவிட்டு டேப் கீயை அழுத்துங்கள், ஷெல்லில் கிட்டுக்கான தானியங்கி நிரப்பல் இருந்தால் முழுப் பெயரையும் அதுவே நிரப்பும்.