லவோ திராட்சைச் சரிவில் கோடை நடை: சிங்கப்பூர்க் கணக்கு எங்கெல்லாம் தப்பும்

தேக்கா கோப்பிக்கடை ஒன்றில், தே தாரிக் ஆறிப்போகும்வரை உட்கார்ந்து நாங்கள் போட்ட திட்டம் இது. காலையில் ஜெனீவாவில் பசியாறல். பிறகு ரயிலேறி லுட்ரி. அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சேன் சஃபோரன் வரை நடை. மூன்று மணிக்கு மொந்த்ரோ, ஐந்துக்கு ஷியோன் கோட்டை. "பதினோரு கிலோமீட்டர்தானே, மெக்ரிட்சியை ஒரு சுற்று வந்த மாதிரி" என்றார் அண்ணன். எல்லோரும் தலையாட்டினோம்.

பகல் பன்னிரண்டரைக்கு லுட்ரியில் இறங்கினோம். மூன்று மணிக்கு எப்பெஸ் ஊருக்கு மேலே ஒரு கல்சுவரில் பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மேல என்னால முடியாதும்மா, நீங்க போய்ட்டு வாங்க." யாரும் போகவில்லை. அந்தச் சுவரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றதுதான் அன்றைய சுற்றுலா.

லவோ என்பது சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில், லோசான் நகரின் கிழக்கு விளிம்பிலிருந்து ஷியோன் கோட்டை வரை ஜெனீவா ஏரியை ஒட்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளும் படிக்கட்டுத் தோட்டங்கள். 11ஆம் நூற்றாண்டு வாக்கில் மடத்துத் துறவிகள் தொடங்கிய வேலை. 2007இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்களை நீட்டி வைத்தால் சுமார் 400 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து நீட்டினால் கோலாலம்பூரையே தாண்டிவிடும். நாங்கள் தவறவிட்டது இந்தச் சுவர்க் கணக்கைத்தான். அத்தனை சுவர் ஓரிடத்தில் தேவைப்படுகிறது என்றால் அந்த நிலம் எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்று யாராவது யோசித்திருக்கலாம்.

தூரத்தைப் பார்ப்பது, உயரத்தைப் பார்க்காதது

கைப்பேசி வரைபடத்தில் அந்தப் பாதை ஏரிக்குப் பக்கத்தில் சமதளமாக ஓடுவது போலத்தான் தெரியும். ஏரி கடல்மட்டத்திலிருந்து 372 மீட்டர். மேலே இருக்கும் ஷெப்ர் ஊர் அதைவிட ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். நம் புக்கிட் தீமா குன்றின் மொத்த உயரமே 163 மீட்டர்தான். நடைபாதையும் ஒரே ஏற்றமாக ஏறி முடிந்துவிடாது. ஒரு ஊருக்கு ஏறும், அடுத்த ஊருக்கு இறங்கும், மறுபடி ஏறும்.

இறக்கம்தான் ஏமாற்றும். தோட்டங்களுக்கு இடையே போவது பெரும்பாலும் மண்பாதை அல்ல, வேலை வண்டிகளுக்காகப் போட்ட கான்கிரீட் பாதை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அந்தக் கான்கிரீட் இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் முட்டியில் இடிக்கும். பெரியம்மா கால்வாசி வழியிலேயே பக்கவாட்டில் திரும்பி நடக்கத் தொடங்கியதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போட்டுப்போகும் மெல்லிய அடிப்பகுதிக் காலணி இங்கே உதவாது.

வயதானவர்கள் கூட வந்தால் நடையைத் துண்டாக்கிவிடுங்கள். குயீயிலிருந்து எப்பெஸ் வழியாக ரிவா வரை போதும். காட்சியின் உச்சம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது, தெசலே தோட்டங்கள் அங்கேதான். வழியில் மஞ்சள் பலகைகள் இருக்கும். அவற்றில் எழுதியிருப்பது கிலோமீட்டர் அல்ல, நேரம். அந்த நேரம் நிற்காமல் நடப்பவருக்கானது. படமெடுத்து, தண்ணீர் குடித்து, பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

"நமக்கென்ன, வெயில் பழக்கம்தானே"

வருடம் முழுக்க 32 டிகிரியில் வாழ்கிறவர்களுக்கு ஐரோப்பியக் கோடை என்ன செய்துவிடும் என்ற தெம்பு எனக்கும் இருந்தது. நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்துக் காட்டிக்கொடுத்துவிடும், உடனே தண்ணீர் தேடுவோம். அங்கே காற்று உலர்ந்தது. சட்டை காய்ந்தே இருந்தது, யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. அண்ணன் மகன் தொப்பியைக் கழற்றியபோது நெற்றியோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

நிழலும் கிடையாது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நடந்து பழகிய நமக்கு இது உறைப்பதில்லை. கொடிகள் இடுப்பு, மார்பு உயரம்தான். கொடிக்கு வெயில் வேண்டும் என்பதற்காகவே அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள், அங்கே மரத்தை யார் விட்டுவைப்பார்கள்? லவோவுக்கு மூன்று சூரியன் என்று அவ்வூரார் சொல்வார்கள். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரி திருப்பி அனுப்புவது இரண்டு, பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்சுவர் மூன்று. நாலு மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்ட மாதிரி இருந்தது.

பன்னிரண்டு முதல் நான்கு வரை நடக்காதீர்கள். எட்டு மணிக்குக் கிளம்புங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு. மாலை ஐந்து என்றதும் இருட்டிவிடுமே என்று பயப்படுவது நம் ஏழு மணிப் பழக்கம். ஜூனில் அங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகும். கிளம்பும் நேரத்தைப் பொறுத்துத் திசையும் மாறும். காலையில் கிழக்கிலிருந்து மேற்காக, மாலையில் மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால் வெயில் முதுகில் விழும். மாலை நடையில் இன்னொரு லாபம், ஏரிக்கு அப்பால் மலைகள் முழு வெளிச்சத்தில் எதிரே நிற்கும்.

தண்ணீருக்குக் கவலை வேண்டாம். ஊருக்கு ஊர் கல்தொட்டியில் குழாய் கொட்டிக்கொண்டிருக்கும், போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். "நோன் பொத்தாப்ல்" என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது. ஆனால் ஊர்களுக்கு நடுவே குழாய் இல்லை, கடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள்ளும் கடை திறந்திருக்காது. 24 மணி நேரப் பேரங்காடியை நம்பி வாழ்கிறவர்கள் சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் கொதித்தால் மாலையில் இடியுடன் மழை வருவதுண்டு. ஏரிக்கரையில் ஆரஞ்சு விளக்குகள் மினுங்கத் தொடங்கினால் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 முறை என்றால் எச்சரிக்கை, 90 முறை என்றால் புயற்காற்று நெருங்கிவிட்டது. படகுகளுக்கான விளக்கு அது, நடப்பவருக்கும் பயன்படும்.

ஜூனில் திராட்சைக் குலை தேடுவது

நம் பள்ளி விடுமுறை ஜூனில். திராட்சைக் கொடி அப்போதுதான் பூக்கும், அல்லது மிளகு அளவில் பச்சைக் காய் பிடித்திருக்கும். குலை தொங்கும் படங்கள் செப்டம்பரில் எடுத்தவை. பழம் நிறம் மாறத் தொடங்குவதே ஆகஸ்டில்தான், அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர். அந்தப் படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ஆசை மூட்டாதீர்கள். பழுத்த காலத்தில் போனாலும் பறிக்கக்கூடாது. ஒவ்வொரு படியும் யாரோ ஒரு விவசாயியின் சொந்த நிலம், கொடியில் மருந்தும் அடித்திருப்பார்கள். சரிவில் குலைக்கூடைகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டி இருக்கும். அண்ணன் மகன் அதில் உட்கார்ந்து படம் எடுக்கப் போய், மேல் படியிலிருந்து ஒருவர் போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ரயில், ஊர்ப்பெயர், அட்டை

லோசானுக்கும் வெவேக்கும் நடுவே விரைவு ரயில்கள் நிற்காது. அவசரப்பட்டு முதலில் வந்ததில் ஏறினால் லவோ முழுவதையும் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடந்துபோவீர்கள். நாங்கள் போனோம். சின்ன ரயிலில் ஏறுங்கள். அதிலும் எல்லா வண்டியும் எல்லா ஊரிலும் நிற்பதில்லை. எம்ஆர்டி போல அடுத்தது மூன்று நிமிடத்தில் வராது, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டாம் என்பவர்களுக்கு வெவேயிலிருந்து மேலே ஷெப்ருக்குப் போகும் திராட்சை ரயில் இருக்கிறது. அதில் மேலே போய்க் கீழே இறங்கி வரலாம், முட்டி தாங்குமானால்.

ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்து வழி கேட்காதீர்கள். பலகையில் 'கல்லி' மாதிரி எழுதியிருப்பதுதான் குயீ. ஷெப்ர் ஊரின் நடுவில் உள்ள எக்ஸும், ரிவாவின் கடைசி இஸட்டும் யார் வாயிலும் வருவதில்லை. அண்ணன் 'செக்ஸ்ப்ரஸ்' எங்கே என்று ஒரு பாட்டியிடம் கேட்டதை இன்னும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஏரிக்கு ஜெனீவா ஏரி என்று பெயர் இருப்பதால் ஜெனீவாவில் அறை எடுப்பது இன்னொரு பொதுத் தவறு. ஏரி அவ்வளவு நீளம். லோசான் வரவே ரயிலில் நாற்பது நிமிடத்தை ஒட்டி ஆகும். லோசானிலோ வெவேயிலோ தங்குங்கள். அங்கே ஹோட்டலில் தங்குவோருக்கு உள்ளூர்ப் போக்குவரத்துக்கு ஓர் அட்டை இலவசமாகத் தருவார்கள். அது எந்த ஊர் வரை செல்லும் என்று வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டு, பிறகு சுவிஸ் டிராவல் பாஸ் எத்தனை நாளுக்கு என்று முடிவு செய்யுங்கள். நடக்கும் நாளுக்கும் சேர்த்து விலையுயர்ந்த பாஸ் வாங்கியது எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

விசாவைக் கடைசியில் நினைப்பது

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழோடு இங்கே நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருப்பவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு நிறக் கடப்பிதழ் இருக்கும் வீடுகளில் இதுதான் மறந்துபோகும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். ஜூன் பயணத்துக்கு மே மாதம் நேரம் தேடினால் கிடைப்பது கடினம்.

சாப்பாடும் புட்டியும்

சைவம் என்று சொல்லிவிட்டு ஃபொன்டூ வாங்கிக்கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பாலாடைக்கட்டி ஃபொன்டூ வெள்ளை ஒயின் ஊற்றிக் காய்ச்சுவது. க்ரூயேர் பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்க கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்ப்பார்கள். கடுஞ்சைவமான பெரியவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பெரியம்மாவுக்கு நாங்கள் பாதித் தட்டில் சொன்னோம்.

அந்த மண்ணின் திராட்சை ஷாஸ்லா. ருசி பார்க்க விரும்புவோர் நடையை முடித்துவிட்டுக் குடியுங்கள், நடுவில் வேண்டாம். ஊர்ப் பாதாள ஒயின் அறைகள் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும், ரிவாவில் வினோராமா என்ற ருசி மையம் இருக்கிறது. சுவிஸ் ஒயினில் மிகச் சிறு பங்கே வெளிநாடு போகிறது என்பதால் இங்கே கடைகளில் கிடைப்பது அரிது. ஆகவே எல்லோருக்கும் வாங்கி வரத்தான் தோன்றும். சாங்கியில் 18 வயதானவருக்கு, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருந்தால், ஒயின் மட்டும் என்றால் வரியில்லாமல் 2 லிட்டர். 75 சென்டிலிட்டர் புட்டியில் அது ஆளுக்கு இரண்டு, மூன்றாவது புட்டி சிவப்பு வழிக்கு.